ஏ இருக்கையா, கே இருக்கையா? லண்டன் – சான் பிரான்சிஸ்கோ பகல் விமானத்தில் எந்தப் பக்கம் உட்காருவது?

நாடோடிமேகம்:

ஏப்ரல் நடுவில் லண்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகிறேன். மதியம் ஒரு மணிக்குக் கிளம்பும் விமானம், ஏறக்குறைய பதினோரு மணி நேரம். திரும்பும்போது மாலை ஐந்து மணிக்கு அங்கே ஏறினால் மறுநாள் முற்பகலில் லண்டன். இதுவரை நீண்ட பயணம் என்றாலே கடைசி நேரத்தில் டிக்கெட் போட்டு, நடு வரிசையில் நடு இருக்கையில் மாட்டிக்கொண்டு, இரண்டு முழங்கையையும் சுருக்கிக்கொண்டு போய் வந்த ஆள் நான். இந்த முறை முன்கூட்டியே போட்டுவிட்டதால் இரண்டு பக்கமும் ஜன்னலோரம் நிறையக் காலியாக இருக்கிறது. அதுதான் இப்போது பிரச்சினையே. அரை மணி நேரமாக இடது ஓரத்து ஏ-யைத் தொடுகிறேன், வலது ஓரத்து கே-யைத் தொடுகிறேன், மறுபடியும் ஏ.

வேண்டியது இரண்டுதான். வெயில் மேலே பட வேண்டும், கீழே வேடிக்கை பார்க்க ஏதாவது வேண்டும்.

என் கணக்கு: நாம் மேற்கே போகிறோம், சூரியனும் மேற்கே போகிறது, ஆகவே அது எப்போதும் விமானத்தின் மூக்குக்கு நேரேதான் இருக்கும், எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். கீழே முதல் ஏழு மணி நேரம் வெறும் கடல், அப்புறம் நியூயார்க் பக்கம் கரையேறி அமெரிக்காவைக் குறுக்கே கடப்போம். அப்படியென்றால் பெரிய ஏரிகள் வலப்பக்கம் வரும், கே எடுக்கலாம். சரிதானே?

—

நூலும் உருண்டையும்:

கே என்ற விடை சரி. அதற்குச் சொன்ன காரணம் எல்லாம் தப்பு. :)

முதலில் அந்தத் தட்டை வரைபடத்தை மூடி வையுங்கள். வீட்டில் பூமி உருண்டை இருந்தால் லண்டன் மேல் ஒரு விரலும் சான் பிரான்சிஸ்கோ மேல் ஒரு விரலும் வைத்து, நடுவில் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் நியூயார்க் பக்கமே போகாது. அயர்லாந்தின் வடமுனையை உரசிக்கொண்டு வடமேற்கே ஏறி, கிரீன்லாந்தின் தென்பாதியைக் குறுக்கே வெட்டி, பாஃபின் தீவு, ஹட்சன் விரிகுடாவின் மேல்பக்கம், கனடாவின் சமவெளி, மொன்டானா, ஐடஹோ என்று சரிந்து இறங்கும். இதுதான் பெருவட்டப் பாதை, உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி. தூரம் சுமார் 8,600 கிலோமீட்டர். இந்தக் கோடு உச்சத்தில் ஏறக்குறைய 65 டிகிரி வட அட்சரேகையைத் தொடும், கிரீன்லாந்தின் தலைநகர் நூக் இருக்கும் உயரம் அது. ஆகவே ஏழு மணி நேரக் கடல் கிடையாது. கிளம்பி மூன்று, மூன்றரை மணி நேரத்தில் கிரீன்லாந்தின் கிழக்குக் கரை வந்துவிடும்.

இப்போது சூரியன். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் அது மணிக்கு 1,670 கிலோமீட்டர், எந்தப் பயணிகள் விமானமும் இப்போது அந்த வேகத்துக்கு ஓடாது. ஆனால் 60 டிகிரி அட்சரேகைக்குப் போனால் அந்த வட்டம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது, மணிக்கு 835 கிலோமீட்டர்தான். நம் விமானம் ஓடுவதும் கிட்டத்தட்ட அதே வேகம். அதாவது அந்த உயரத்தில் மேற்கே பறந்தால் சூரியனோடு கைகோத்து நடப்பது போல, அது வானத்தில் நின்ற இடத்திலேயே நிற்கும். உங்கள் விமானத்துக்குப் போட்டுப் பார்த்தேன். லண்டனில் கிளம்பும்போது சூரியன் நேர் தெற்கே, உச்சியில். கிரீன்லாந்து மேல் போகும்போது அங்கத்திய சூரியக் கணக்கில் பன்னிரண்டே முக்கால். அதற்கும் மூன்று மணி நேரம் கழித்து ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரைக்கு வந்தால் அங்கே மறுபடியும் பன்னிரண்டே சொச்சம்! ஆறரை மணி நேரம் பறந்தும் உச்சி வெயில் உச்சி வெயிலாகவே இருக்கிறது.

சூரியன் தெற்கே நிற்கிறது, நீங்கள் மேற்கே போகிறீர்கள், ஆகவே அது உங்கள் இடது கைப்பக்கம். கிளம்பும்போது கொஞ்சம் இடது பின்புறம், கிரீன்லாந்தில் நேர் இடது, கனடாவில் இடது முன்புறம், கடைசி ஒரு மணி நேரம் விமானம் தென்மேற்கே திரும்பிவிடுவதால் மூக்குக்கு நேரே வந்து லேசாக வலப்பக்கம் சாயும். நீங்கள் சொன்ன ‘மூக்குக்கு நேரே’ அந்தக் கடைசி நேரத்துக்கு மட்டும்தான் பொருந்தும்.

அப்படியென்றால் வெயில் வேண்டும் என்கிறவர் ஏ-தானே எடுக்க வேண்டும், ஏன் கே என்கிறேன்? வெயிலும் வேடிக்கையும் ஒரே ஜன்னலில் கிடைப்பது அபூர்வம். சூரியன் இருக்கும் பக்கம் கண் கூசும், கீழே உள்ள மலையின் நிழல்முகம்தான் உங்களைப் பார்க்கும், ஜன்னலில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் பளபளக்கும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து விளக்குப் பிடிக்கிறது, பனியாறு, பாறை, கடற்பனி எல்லாம் வெளிச்சமுகத்தைக் காட்டும். வானமும் அடர்நீலமாக இருக்கும்.

கீழே மேகம் இருந்தாலும் கே-யில் ஒரு பரிசு உண்டு. விமானத்தின் நிழல் மேகத்தில் விழும் இடத்தைச் சுற்றி வட்டமாக ஒரு சின்ன வானவில், ஒளிவளையம் என்று சொல்லலாம், கூடவே ஓடிவரும். சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில்தான் அது விழும் என்பதால் ஏ-யில் உட்கார்ந்தவருக்கு அது தெரியவே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. நூல் காட்டுவது உத்தேசப் பாதைதான். உண்மையான பாதையைக் காற்று தீர்மானிக்கிறது. வட அட்லாண்டிக்கின் வழித்தடங்களையே எதிர்க்காற்றையும் பின்காற்றையும் பார்த்து ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்றிப் போடுகிறார்கள். கிளம்புவதற்கு முன் ஃப்ளைட்ரேடார்24-இல் உங்கள் விமான எண்ணைத் தட்டி, கடந்த ஒரு வாரம் அது எந்த வழியாகப் போனது என்று பாருங்கள். ஏழில் ஐந்து நாள் ஒரே மாதிரி இருந்தால் நம்பலாம்.

—

வெயில்விரும்பி:

மேலே சொன்னவர் கணக்கில் புலி, ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடில்லை. கேட்டவர் முதலில் கேட்டது வெயில். பதினோரு மணி நேரமும் சூரியன் ஒரே பக்கம் நிற்கிறது என்று நீங்களே நிரூபித்துவிட்டு, அதை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் உட்காரச் சொல்வது என்ன நியாயம்?

நான் எப்போதும் சூரியன் பக்கம்தான். கண் கூசும் என்பது உண்மை, ஒரு தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ போதும். ஆனால் அந்தப் பக்கம் மட்டும் காணக்கூடியது ஒன்று இருக்கிறது, தண்ணீரின் மினுக்கல். கனடாவின் வடக்கே ஆயிரக்கணக்கில் ஏரிகள் சிதறிக் கிடக்கின்றன. கோடையில் போனால் சூரியனின் பிம்பம் ஒரு ஏரியிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி விமானத்தோடு ஓடிவரும், ஒரு வினாடி முன்பு வரை காடு என்று நினைத்த இடம் திடீரென்று வெள்ளித்தகடாக மாறும், ஆறு எங்கே வளைகிறது என்று அந்த மினுக்கல்தான் காட்டிக்கொடுக்கும். எதிர்ப்பக்கத்தில் அதே ஏரி வெறும் கறுப்புப் பொட்டு. ஏப்ரலில் அவை உறைந்து கிடக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், உங்கள் பயணத்துக்கு இந்த வாதம் கொஞ்சம் பலவீனம்தான்.

இன்னொன்று. மலைக்கு நிழல் இருந்தால்தான் மலை. வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து நேராக விழுந்தால் எல்லாம் தட்டையாகிவிடும்.

தொல்லையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு முடிந்ததும் பணியாளர்கள் வந்து மூடியை இறக்கச் சொல்வார்கள், வெயில் பக்கம் என்றால் இரண்டு மடங்கு சீக்கிரம் வருவார்கள். பின்னால் திரையில் படம் பார்க்கிறவர், தூங்குகிறவர் எல்லோருடைய பார்வையும் உங்கள் ஜன்னல் மேலேயே இருக்கும். நான் போர்வையைத் தலைக்கு மேல் கூடாரம் போலப் போட்டுக்கொண்டு உள்ளே ஜன்னலோடு இருப்பேன். பக்கத்தில் இருப்பவர் என்ன நினைத்தாலும் சரி.

—

ஓரச்சீட்டுக்காரன்:

பதினோரு மணி நேரம், இரண்டு பேர் தூங்குகிறார்கள், உங்களுக்குக் கழிவறை போக வேண்டும். வேடிக்கை அப்போது ஆரம்பிக்கும். நடைபாதை ஓரம் உட்காருங்கள், கிரீன்லாந்தைக் கடைசிக் கதவின் ஜன்னலில் நின்று பார்த்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் பார்த்தேன்.

—

வால்பக்கவாசி:

இடதா வலதா என்று இவ்வளவு பேசுகிறோம், எந்த வரிசை என்று ஒருவரும் சொல்லவில்லையே. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். சரியான பக்கம், தவறான வரிசை என்றால் பதினோரு மணி நேரமும் இறக்கையைத்தான் பார்த்துக்கொண்டு போவீர்கள். வெள்ளைத் தகரம், அதன் மேல் ‘இங்கே மிதிக்காதே’ என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

பெரிய விமானங்களில் இறக்கைக்கு முன்னால் உள்ள நல்ல ஜன்னல்கள் பெரும்பாலும் பிசினஸ் கிளாஸுக்குப் போய்விடும். எகானமியில் மிஞ்சுவது இறக்கைக்கு மேலே உள்ளவை, அதற்குப் பின்னால் உள்ளவை. இறக்கையை ஒட்டிப் பின்னால் இருக்கும் ஐந்தாறு வரிசைகளையும் தவிர்த்துவிடுங்கள். இஞ்சினிலிருந்து வரும் சூடான காற்று அந்த இடத்தில் கானல்நீர் மாதிரி ஆடும், கீழே உள்ள எதுவும் துல்லியமாகத் தெரியாது. இன்னும் பின்னால், வாலை நோக்கிப் போகப் போகக் காட்சி திறக்கும். சத்தமும் ஆட்டமும் கூடும், இறங்குவதற்கும் கடைசியில்தான். எனக்குப் பரவாயில்லை, பழகிவிட்டது.

அடுத்தது, ஜன்னல் சீட்டில் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். ஒருமுறை கூடுதல் காசு கட்டி ஜன்னலோரம் எடுத்து, ஆசையாகப் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் வழவழவென்று சுவர். பணிப்பெண்ணைக் கேட்டேன், ‘அந்த வரிசை அப்படித்தான்’ என்றார். போயிங் 737-இல் குளிர்காற்றுக் குழாய் கூரைக்கு ஏறும் இடத்தில், பத்து பதினொன்றாவது வரிசையை ஒட்டி, ஜன்னலே வைப்பதில்லை. எந்த வரிசை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் இதற்காகவே இரண்டு பெரிய விமான நிறுவனங்கள் மேல் பயணிகள் வழக்குப் போட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்குள் ஒரு அமைதி. பெரிய விமானங்களிலும் சில வரிசைகளில் ஜன்னல் தோளுக்குப் பின்னால் போய்விடும், கழுத்தைத் திருகித்தான் பார்க்க வேண்டும். ஏரோலோபா என்ற தளத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் விமானத்துக்கும் ஜன்னல் எங்கே, இருக்கை எங்கே என்று அளவாக வரைந்திருக்கிறார்கள், அதைப் பாருங்கள்.

எழுத்து விஷயம்: அகலமான விமானங்களில் ஏ இடது ஓரம், கே வலது ஓரம், சிலர் எல் என்று போடுவார்கள். போயிங் 737, ஏர்பஸ் ஏ320 மாதிரி ஒற்றை நடைபாதை விமானமென்றால் வலது ஓரம் எஃப். நடுவில் ஐ இருக்காது, ஒன்று என்ற எண்ணோடு குழம்பும் என்று விட்டுவிடுவார்கள்.

உங்களுக்கு வருவது போயிங் 787 என்றால் ஒரு நல்லதும் கெட்டதும். ஜன்னல் பெரியது, 47 சென்டிமீட்டர் உயரம், குழந்தைகூட எட்டிப் பார்க்கலாம். ஆனால் இழுக்கும் மூடி கிடையாது, பொத்தானை அழுத்தினால் கண்ணாடியே நீலமாக இருண்டுவிடும், அந்த இருட்டைப் பணியாளர்கள் மொத்தமாகப் பூட்டியும் வைக்கலாம். அப்படிப் பூட்டினால் நடுப்பகலிலும் சூரியன் நீலநிலா மாதிரி தெரியும். அழகுதான், ஆனால் நீங்கள் கேட்ட வெயில் அது இல்லை.

—

நாடோடிமேகம்:

பெரிய நன்றி. நியூயார்க், ஏரிகள் என்றெல்லாம் எழுதியதை அழித்துவிடலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும்.

போகும்போது கே, பின்வரிசை என்று முடிவுக்கு வந்துவிட்டேன், வெயில்விரும்பி மன்னிக்கவும். திரும்பும்போது? இரவு விமானம்தானே, எந்தப் பக்கமானாலும் தூங்கத்தானே போகிறேன்?

இன்னொரு கேள்வி, என் அக்கா இதே வழியில் டிசம்பரில் போகிறாள், அவளுடையது பிற்பகல் மூன்று மணி விமானம். அவளுக்கும் கே சொல்லலாமா?

—

நூலும் உருண்டையும்:

திரும்பும்போது யோசிக்கவே வேண்டாம், ஏ. தூங்கவும் வேண்டாம்.

கிழக்கே போகும் விமானத்தில் இடது கைப்பக்கம் வடக்கு. ஐந்து மணிக்கு ஏறுகிறீர்கள், விமானம் வடகிழக்கே போகும், சூரியன் மேற்கே இடது பின்புறம் இறங்கும். கிட்டத்தட்ட மொன்டானா மேல் மறையும். அப்புறம் நீங்கள் இரவை எதிர்கொண்டு ஓடுவதால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும், ஐந்து மணி நேரம்கூட வராது, கிரீன்லாந்து பக்கம் வரும்போதே இடது முன்புறம் விடியும். ஆக அந்தி, இரவு, விடியல் மூன்றும் ஒரே ஜன்னலில். 11 கிலோமீட்டர் உயரத்தில் தொடுவானம் சுமார் 370 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, கண்மட்டத்திலிருந்து மூன்று டிகிரிக்கு மேல் கீழே இறங்கியும் இருக்கிறது. அதனால் தரையில் இருப்பவரைவிடச் சூரியனைத் தாமதமாக இழந்து, சீக்கிரமாகத் திரும்பப் பெறுவீர்கள்.

நடுவில் உள்ள அந்தச் சில மணி நேர இருட்டில் ஹட்சன் விரிகுடா வருகிறது. அதன் மேற்குக் கரையில் உள்ள சர்ச்சில் என்ற ஊருக்குத் துருவ ஒளி, அதாவது வடதுருவப் பக்கத்து இரவு வானில் ஆடும் வெளிச்சம், பார்க்கவே ஆட்கள் போகிறார்கள். துருவத்தைச் சுற்றி அந்த ஒளி தோன்றும் வளையத்துக்கு ஏறக்குறைய அடியிலேயே உங்கள் விமானம் போகும்.

அக்காவுக்கு ஏ சொல்லுங்கள். டிசம்பரில் 65 டிகிரியில் சூரியன் எழுவதே பெயருக்குத்தான், மூன்று மணி விமானத்தில் போனால் கிரீன்லாந்து இருட்டில்தான் கடக்கும், கே-யில் ஒன்றுமில்லை. ஆனால் அவளுக்கு உங்களுக்குக் கிடைக்காத ஒன்று கிடைக்கும். கிளம்பியதும் சூரியன் மறையும். அப்புறம் விமானம் தெற்கே சரியச் சரிய, கனடாவின் சமவெளிக்கு வரும்போது, தென்மேற்கே அதே சூரியன் மறுபடியும் எழும். மேற்கே சூரியோதயம்! கொஞ்ச நேரம் தொடுவானத்தில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு இரண்டாம் முறை மறையும். அப்போது விமானமும் தென்மேற்கே திரும்பிக்கொண்டிருக்கும் என்பதால் அது கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே, இடது முன்புறம்தான் எழும், கன்னத்தை ஜன்னலில் ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம்.

ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் விமானம் ஓடிய காலத்தில் இது லண்டன் – நியூயார்க் வழியிலேயே நடக்கும், அது சூரியனையே முந்தும். 1973 ஜூன் 30 அன்று ஒரு கான்கார்டில் விஞ்ஞானிகள் ஏறி, ஆப்பிரிக்காவின் மேல் முழு சூரிய கிரகணத்தின் நிழலைத் துரத்திக்கொண்டு 74 நிமிடம் அதற்குள்ளேயே பறந்தார்கள். தரையில் நின்றவர்களுக்கு அது ஏழு நிமிட சொச்சம்தான். அவர்களுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்ற கவலை இல்லை, கூரையிலேயே துளை போட்டுக்கொண்டார்கள்.

—

இருட்டுக்காமிரா:

துருவ ஒளி பார்க்க நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், நடுவில் ஒருமுறை போனைப் பார்த்தால் மறுபடியும் முதலிலிருந்து. பச்சைத் திரை தொங்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாறுவீர்கள், முதலில் சாம்பல் நிறத்தில் மெல்லிய மேகம் மாதிரிதான் தெரியும், கொஞ்சம் நகர்ந்தால்தான் சந்தேகமே வரும். சந்தேகம் வந்தால் போனை இரவுப் படத்துக்கு மாற்றி, லென்ஸை ஜன்னலோடு ஒட்டி, சுற்றிலும் சட்டையாலோ போர்வையாலோ மூடி ஒரு படம் எடுங்கள். படத்தில் பச்சை விழுந்தால் அதேதான். சூரியன் தன் பதினோரு ஆண்டுச் சுழற்சியின் உச்சத்துக்கு வந்துவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. உச்சம் தாண்டியபிறகும் சில ஆண்டுகள் நன்றாகவே இருக்கும்.

பகலில் படம் எடுப்பவர்கள் லென்ஸில் பளபளப்பைக் குறைக்க மாட்டும் போலரைசர் வடிகட்டி போடாதீர்கள். விமான ஜன்னல் கண்ணாடியல்ல, அக்ரிலிக் பிளாஸ்டிக், அழுத்தத்தில் இழுபட்டது, அந்த வடிகட்டி வழியாகப் பார்த்தால் எண்ணெய்ப் படலம் மாதிரி ஊதாவும் பச்சையுமாகக் கோடு விழும். நான் ஒரு பயணம் முழுவதையும் அப்படிப் பாழாக்கியிருக்கிறேன்.

ஜன்னலின் அடியில் தெரியும் சின்னத் துளையைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அது காற்றழுத்தத்தைச் சமன்செய்வதற்காக வைத்தது. அதைச் சுற்றிப் பனிப்பூ படரும். குவியத்தை அதன் மேல் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு வேறு வேலை பாருங்கள்.

—

தென்துருவத்தி:

இதைப் படித்துவிட்டு யாராவது ‘சூரியன் தெற்கே’ என்று மனப்பாடம் செய்துகொண்டு சிட்னியிலிருந்து கிளம்பிவிடப் போகிறார்கள். நிலநடுக்கோட்டுக்குக் கீழே எல்லாம் தலைகீழ், உச்சிப்பொழுதில் சூரியன் வடக்கே. சிட்னி – சான்டியாகோ கிழக்கே போகும் வழி, வெயில் இடப்பக்கம், பனி வலப்பக்கம். பெருவட்டப் பாதை அங்கே தென்துருவத்தை நோக்கி வளையும், அங்கத்திய கோடையில் அதிர்ஷ்டம் இருந்தால் கடற்பனி தெரியும். அதே ஆண்டில் அதே பாதையில் இருமுறை போனேன், ஒருமுறை பனிப்பாறைகள், ஒருமுறை எட்டு மணி நேரம் மேகம்.

இன்னொன்று, பழைய அறிவுரைகளை நம்பாதீர்கள். ஐரோப்பாவிலிருந்து டோக்கியோ போகிறவர்களுக்கு ‘சைபீரியா தெரியும், இந்தப் பக்கம் உட்கார்’ என்று எழுதியதெல்லாம் 2022-க்கு முந்தைய கதை. இப்போது ஐரோப்பிய விமானங்கள் ரஷ்ய வான்வெளிக்குள் போவதில்லை, வடதுருவத்தைச் சுற்றியோ தெற்கே காஸ்பியன் கடல் பக்கமாகவோ போகின்றன. அந்த ஒரு வாரத் தடத்தைப் பார்க்கச் சொன்னது அதனால்தான் சரி.

—

நாடோடிமேகம்:

போய்விட்டு வந்துவிட்டேன். கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவன் என்று பெயர் எடுக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

போகும்போது கே, வாலிலிருந்து ஐந்தாவது வரிசை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு விமானத்தையே மாற்றிவிட்டார்கள், என்னைக் கேட்காமல் இறக்கைக்கு மேலே தூக்கிப் போட்டிருந்தது. தற்செயலாகப் பார்த்ததால் தப்பித்தேன், மறுபடியும் போய்ப் பின்வரிசையைப் பிடித்துக்கொண்டேன். நீங்களும் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகள் ஒரு பத்து நிமிடம் தெரிந்தன. அப்புறம் மேகம். கிரீன்லாந்தின் கிழக்குக் கரை வரும் நேரத்தில் ஒரே வெண்பஞ்சு, எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அந்த ஒளிவளையம்! அது அப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை, நடுவில் விமானத்தின் நிழல்கூட இல்லை, வெறும் வட்டம்தான், மேகம் உயரும்போது கிட்டே வருகிறது, தாழும்போது விலகுகிறது. பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டினேன், அவர் முதலில் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தார், அப்புறம் பத்து நிமிடம் என் மேல் சாய்ந்துகொண்டே வந்தார்.

பனிப்பரப்பின் நடுவில் மேகம் கலைந்தது. வெள்ளை, வெள்ளை, வெள்ளை, அப்புறம் மேற்குக் கரையில் திடீரென்று கறுப்பு மலைகளும் நடுவே உறைந்த ஃபியோர்டுகளும், மலைகளுக்குள் குறுகலாக நீளும் கடல் அவை. நூலும் உருண்டையும் சொன்னதுபோல எல்லாம் வெளிச்சமுகம். அந்தச் சமயத்தில்தான் பணியாளர் வந்து மூடச் சொன்னார். ‘ஐந்து நிமிடம்’ என்று கெஞ்சினேன், ஓரச்சீட்டுக்காரன் சொன்ன கதவு ஜன்னலைக் காட்டினார், அங்கே ஏற்கெனவே நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். கடைசியில் கலிஃபோர்னியாவின் சாஸ்தா மலை தனியாக வெள்ளைக் கூம்பாக, ரொம்ப தூரத்தில்.

திரும்பும்போது துருவ ஒளி இல்லை. இருந்ததோ என்னவோ, ஜன்னல்களை இருட்டாக்கிப் பூட்டிவிட்டார்கள். விடியற்காலையில் திறந்தபோது இடது முன்புறம் ஆரஞ்சுக் கோடு, சொன்ன இடத்தில் சொன்ன மாதிரி.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. போகும்போது கிரீன்லாந்தைத் தாண்டியதும் கடல் முழுக்க உறைந்து கிடந்தது, அதன் மேல் கறுப்பாக நீளநீளமாகக் கோடுகள், கண்ணாடி விரிசல் விட்ட மாதிரி. சிலவற்றின் ஓரத்தில் புகை மாதிரி எழுந்தது. கப்பல் போன தடமா அது?

—

தென்துருவத்தி:

கப்பல் இல்லை. டேவிஸ் நீரிணையின் கடற்பனி காற்றிலும் நீரோட்டத்திலும் இழுபட்டுப் பிளக்கும், கறுப்பாகத் தெரிவது அந்தப் பிளவில் திறந்து கிடக்கும் தண்ணீர். மேலே இருக்கும் காற்றைவிட அந்தத் தண்ணீர் சூடு, அதனால் ஆவி எழும். அகலமான பிளவாக இருந்தால் ஓரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் புதுப்பனி படர ஆரம்பித்திருக்கும், உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

—

நாடோடிமேகம்:

பார்த்தேன். இருக்கிறது.